வெற்றி மேடையில் தோற்றவனுக்கு இடம் உண்டா?

(தற்காப்புக் கலைப் பயிற்சிக் கழகம் ஒன்றின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

  

மேசையில் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. கராத்தேயில் வென்றவர்களுக்கு ஒரு பக்கம், சிலம்பத்தில் வென்றவர்களுக்கு மறுபக்கம். வாசலில் வெற்றியாளர்களின் படம் போட்ட ஆளுயரப் பதாகை. மகிழ்ச்சிக்குரிய காட்சிதான். ஆனால் உள்ளே நுழையும்போது இன்னொரு காட்சியையும் கண்டேன். கடைசி வரிசைக்குப் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் சீருடையோடு சுவரோரம் நிற்கிறார்கள். "ஏன் தம்பி, முன்னால் போய் உட்காரக் கூடாதா?" என்று கேட்டேன். "நாங்க தோத்துட்டோம் பாய்" என்றான் ஒருவன். வேறு விளக்கம் தேவையில்லை என்பதுபோலச் சொன்னான்.

அந்தச் சொல் என்னைப் பழைய காலத்துக்கு இழுத்துச் சென்றது. பதினாறு வயதில் நானும் கம்பு சுற்றினேன். மாவட்ட அளவிலான போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். என்னோடு வந்த நண்பன் வென்றான். ஊர் திரும்பியபோது பஸ் நிலையத்தில் மாலையோடு காத்திருந்தார்கள். அவனை ஜீப்பில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். என் கையில் இருந்த இரண்டு கம்புகளில் ஒன்று அவனுடையது. அதை எனக்கு வாங்கிக்கொள்ளவும் யாருக்கும் நேரமில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு நான் கம்பைத் தொடவில்லை. என்னை யாரும் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பிள்ளையைக் களத்திலிருந்து விரட்ட அதுவே போதும்.

எனவே நான் கேட்க வந்த கேள்வி ஒன்றுதான். நம் வெற்றி மேடையில் தோற்றவனுக்கு இடம் உண்டா?

ஒட்டகம் தோற்ற நாள்

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. அதை முந்தும் ஒட்டகம் இல்லை என்று தோழர்கள் பெருமை கொண்டிருந்தார்கள். ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்தார், அள்பாவை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் மனவருத்தமாகிவிட்டது. அதை அறிந்த நபியவர்கள், இவ்வுலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது இறைவனின் நியதி என்று உணர்த்தினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

எண்ணிப் பாருங்கள். தோற்றது அல்லாஹ்வின் தூதருடைய ஒட்டகம். வென்றவர் பெயர் தெரியாத ஒரு கிராமத்துக்காரர். போட்டியில் குறை கண்டார்களா? மறுபந்தயம் கேட்டார்களா? இல்லை. தோல்வியைத் தோல்வியாக ஏற்றுக்கொள்ளத் தோழர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். மற்போரில் பிறரை வீழ்த்துபவரைவிடக் கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவரே வலிமையானவர் என்று நமக்குச் சொல்லித் தந்தவர்களும் அவர்களே. தற்காப்புக் கலை பயில்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

வென்றபின் ஒரு நிமிடம்

தம்பிமார்களே! ஒருவன் எப்படிச் சண்டையிட்டான் என்பதை நடுவர்கள் பார்க்கிறார்கள். வென்றபின் முதல் ஒரு நிமிடம் அவன் என்ன செய்கிறான் என்பதை உலகமே பார்க்கிறது.

1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஒலிம்பிக் அது. ஜூடோ ஜப்பானில் பிறந்த கலை. 1882இல் ஜிகோரோ கானோ தொடங்கிய பயிற்சிக்கூடத்திலிருந்து வளர்ந்தது. எடைப் பிரிவில்லாத போட்டியின் இறுதிச் சுற்றில் ஜப்பானின் அகியோ கமினாகாவை நெதர்லாந்தின் ஆண்டன் கீசிங்க் தரையோடு பிடித்து அழுத்தி வென்றார். சொந்த மண்ணில், சொந்தக் கலையில் தோல்வி. அரங்கமே உறைந்து போயிற்று. நெதர்லாந்து ஆதரவாளர்கள் உற்சாகம் தாங்காமல் களத்தை நோக்கி ஓடி வந்தார்கள். கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். எதிராளிக்குரிய மரியாதையைச் செய்து முடிக்கும்வரை கொண்டாட்டம் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கற்ற ஒழுங்கு. ஜூடோ ரசிகர்கள் அந்த உயர்ந்த கையை இன்றும் பேசுகிறார்கள்.

நமக்கு நெருக்கமான இன்னொருவரைச் சொல்கிறேன். தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நூர்மகமதோவ். உங்களில் பலருடைய செல்போனில் அவர் படம் இருக்கும். 2018 அக்டோபர் 6 அன்று லாஸ் வேகாஸில் கானர் மெக்ரிகரை நான்காவது சுற்றில் வென்றார். போட்டிக்கு முன்பு எதிர்த்தரப்பு அவருடைய தந்தையையும் தாயகத்தையும் மார்க்கத்தையும் இழித்துப் பேசியிருந்தது. வென்ற அடுத்த கணமே அவர் கூண்டைத் தாண்டிக் குதித்து எதிரணிக்காரர் ஒருவர்மீது பாய்ந்தார். அரங்கமே கலவரமாயிற்று. ஐந்து லட்சம் டாலர் அபராதமும் ஒன்பது மாதத் தடையும் விதிக்கப்பட்டன. "கோபம் நியாயமானதுதானே?" என்று தம்பிகள் கேட்பீர்கள். கோபத்துக்குக் காரணம் இருந்தது, உண்மைதான். ஆனால் மறுநாள் உலகம் எதைப் பேசியது? அவருடைய ஆட்டத்தைவிட அந்தக் குதிப்பைத்தான் அதிகம் பேசியது. அவரே அன்றிரவு வருத்தம் தெரிவித்தார்.

இரண்டாண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 24. தம்மைப் பயிற்றுவித்த தந்தை காலமாகி சில மாதங்களே ஆகியிருந்தன. அபுதாபியில் ஜஸ்டின் கேத்ஜியை வென்றதும் கபீப் களத்தின் நடுவில் உடைந்து அழுதார். தோற்றுப்போன கேத்ஜியே அருகில் வந்து அவரைத் தேற்றினார். 29 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர், கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார். அதே மனிதர், இரண்டு வெற்றிகள். எந்த வெற்றிக்குப் பிந்திய நிமிடத்தை நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டும்?

மேடையில் நீண்ட கை

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். ஜூடோ இறுதிப் போட்டியில் ஜப்பானின் யசுஹிரோ யமஷிதாவை எகிப்தின் முஹம்மது அலி ரஷ்வான் சந்தித்தார். முந்தைய ஆட்டம் ஒன்றில் யமஷிதாவின் வலது கெண்டைக்காலில் தசை கிழிந்திருந்தது. நொண்டியபடிதான் களத்துக்கு வந்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்ததால் ஒரு வாய்ப்பை ஏற்கெனவே இழந்தவர் அவர். ஆட்டத்தில் யமஷிதாவே வென்றார். அடிபட்ட காலைக் குறிவைப்பது தம் கொள்கைக்கு விரோதம் என்று ரஷ்வான் பிறகு கூறினார். நேர்மையான ஆட்டத்துக்கான சர்வதேச விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆட்டப் படத்தை நுணுகிப் பார்த்த சிலர், தொடக்கத்தில் அந்தக் கால் பக்கம் அவர் ஒரு முயற்சி செய்தார் என்றும் சொல்கிறார்கள். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். விவாதத்துக்கு இடமில்லாத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. மேடையேற முடியாமல் தடுமாறிய யமஷிதாவுக்கு, வெள்ளிப் பதக்கம் பெற வந்த ரஷ்வான் கை கொடுத்து ஏற்றிவிட்டார். தங்கத்தைத் தன்னிடமிருந்து பறித்தவரைத் தாங்கிப் பிடித்த கை அது.

எதிராளிக்குக் குனிந்து வணக்கம் செலுத்துவதில் நம் பிள்ளைகளுக்குத் தயக்கம் இருக்கலாம். கை குலுக்கலாம், சலாம் சொல்லலாம், நெஞ்சில் கை வைத்து நிற்கலாம். முறை எதுவாகவும் இருக்கட்டும். மரியாதை தருவதில் மட்டும் தயக்கம் கூடாது.

குத்தைவிட வலித்த சொல்

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியைப் பேசாமல் நம் கூட்டம் முடியாது. 1954இல் லூயிவில் நகரில் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் சைக்கிள் திருட்டுப்போயிற்று. திருடனை உதைக்கப் போகிறேன் என்று குமுறிய அவனை ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர் தம்முடைய குத்துச்சண்டைக் கூடத்துக்கு அழைத்தார். ஆறு ஆண்டுகளில் அவன் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றான். கோபத்தோடு வந்த ஒரு பையனுக்கு ஒரு பயிற்சிக்கூடம் கதவைத் திறந்ததன் விளைவு அது.

ஆனால் அவருடைய வாழ்வில் நாம் பேசத் தயங்கும் பக்கம் ஒன்றும் உண்டு. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு மேல் அவருக்குக் களம் இல்லை. அவர் மீண்டும் ஆட உரிமம் கிடைக்க வேண்டுமென்று பரிந்து பேசியவர்களில் ஒருவர் ஜோ ஃபிரேசியர். அந்த ஃபிரேசியரைத்தான் பிற்பாடு போட்டி விளம்பரத்துக்காக அலி மிருகத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். சொந்த இனத்தின் துரோகி என்றார். 1971இல் ஃபிரேசியர் வென்றார். 1975இல் மணிலாவில் பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது ஃபிரேசியருக்குக் கண் தெரியவில்லை. பயிற்சியாளர் எடி ஃபட்ச், தம் வீரர் ஆட வேண்டும் என்று மன்றாடியும் ஆட்டத்தை நிறுத்தினார். பட்டத்தைவிட ஆளின் உயிர் பெரிது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

குத்துக்காயங்கள் ஆறின. அந்தச் சொற்கள் ஆறவில்லை. பல்லாண்டுகள் ஃபிரேசியர் அந்தக் கசப்பைச் சுமந்தார். 2001இல் அலி பத்திரிகை மூலம் வருத்தம் தெரிவித்தார். 2011இல் ஃபிரேசியர் இறந்தபோது, நடுக்குவாத நோயால் தளர்ந்திருந்த நிலையிலும் இறுதிச் சடங்குக்குப் போனார். மாவீரர்தான், ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற அவருக்கும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அடுத்த ஊர்க் கழகத்தைக் கிண்டல் செய்து செல்போனில் படம் பரப்பும் தம்பிகள் இதை நினைவில் வையுங்கள்.

வணிகர்களுக்கு ஒரு கணக்கு

வணிகப் பெருமக்களே! இந்தக் கோப்பைகள் உங்கள் நன்கொடை. அல்லாஹ் உங்கள் தொழிலில் பரக்கத் செய்வானாக. முதல் வருடம் நஷ்டப்பட்ட இளம் வியாபாரியை மண்டியில் நீங்கள் ஒதுக்கிவிடுகிறீர்களா? ஆள் நாணயமானவன் என்றால் அடுத்த சீசனுக்குக் கடனில் சரக்குக் கொடுத்து நிமிர்த்துகிறீர்கள். அந்தக் கணக்கை இங்கேயும் போடுங்கள். பதாகை ஒரு வாரத்தில் கிழியும். அதே பணத்தில் விரிப்பு வாங்கலாம். தலைக்கவசம், பல்காப்பு, முதலுதவிப் பெட்டி வாங்கலாம். ஏழைப் பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போய்வரப் பஸ் கட்டணம் கொடுக்கலாம். அவன் தோற்று வந்தாலும் அந்தக் கட்டணம் வீணல்ல.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. 'உலக சாதனை' என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு, கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் சான்றிதழ் தரும் வியாபாரம் பெருகிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெறும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. முறையான பாதை திறந்திருக்கும்போது பிள்ளையை ஏன் குறுக்குச் சந்துக்குள் அனுப்ப வேண்டும்? கல்லூரியிலும் வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு கேட்கும்போது, அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் சான்றிதழா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பணம் கட்டுமுன் அதை விசாரியுங்கள்.

கழக நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: கதவு எப்போதும் திறந்திருக்கட்டும். பதிவும் வரவுசெலவும் சரியாக இருக்கட்டும். பயிற்சி எல்லாரும் பார்க்கும் இடத்தில் நடக்கட்டும். பக்கத்துத் தெரு முருகனும் அந்தோணியும் நம் பிள்ளைகளோடு சேர்ந்து பயிலட்டும். நம் இளைஞர்கள் கம்பு எடுத்தாலே சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆயிரம் விளக்கம் சொல்வதைவிட, உள்ளே வந்து பார்க்கச் சொல்வது நல்லது.

நிறைவாக ஒன்று. கம்பு சுற்றிப் பழக எதிரே ஒருவன் நிற்க வேண்டும். உதைத்துப் பழக, உதையை வாங்க ஒருவன் வேண்டும். இங்கே பதக்கம் பெறப்போகும் ஒவ்வொருவருக்கும் ஆண்டு முழுவதும் எதிரே நின்றவன் ஒருவன் இருக்கிறான். அவன் எங்கே? பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசையில்தான் நிற்கிறான். வெற்றியாளர்களின் பெயர்கள் இப்போது வாசிக்கப்படும். பெயர் அழைக்கப்பட்டதும் தனியாக வராதீர்கள். பின்னால் போய், உங்களோடு பயிற்சி செய்தவனின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வாருங்கள். கோப்பையை இருவரும் சேர்ந்து வாங்குங்கள்.