படகுடையோரும் படகற்றோரும்: பண்டைய எகிப்தின் சமூகப் படிநிலையும் நைல் நதியும்

பண்டைய எகிப்தியச் சமூகத்தை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் அதை ஒரு பிரமிடாக வரைந்து, உச்சியில் ஃபாரோ எனப்படும் மன்னரையும், அவருக்குக் கீழே தலைமை அமைச்சர், மாகாண ஆளுநர், கோயில் பூசகர் ஆகியோரையும், அடுத்து எழுத்தரையும் கைவினைஞரையும், அடித்தளத்தில் உழவரையும் போர்க்கைதிகளாக வந்த அடிமைகளையும் வைத்துக் காட்டுகின்றன. இந்த அடுக்கு பிழையானதன்று. ஆயினும் அம்மக்கள் அன்றாட வாழ்வில் தம் நிலையை எங்கே உணர்ந்தனர் என்பதற்கு அதில் விடை இல்லை. ஒருவர் நைலின் நீரை அளப்பவரா, அதன்மேல் பயணிப்பவரா, அதன் சேற்றில் இறங்குபவரா என்பதைக் கொண்டே அவரது தகுதியை அந்நாட்டில் எவரும் கண்ணால் கண்டு அறிந்துகொள்ள முடிந்தது.

எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் கோடைமழையால் ஆண்டுதோறும் பெருகிய நைல், கரைகளைக் கடந்து வயல்களை மூழ்கடித்து, வடியும்போது கரிய வண்டலை விட்டுச் சென்றது. வெள்ளக் காலமான அகேத், விதைப்புக் காலமான பெரெத், அறுவடைக் காலமான ஷெமு என நான்கு நான்கு மாதங்கள் கொண்ட மூன்று பருவங்களாக ஆண்டு பகுக்கப்பட்டதும் இதனாலேயே. வெள்ளம் குறைந்தால் பஞ்சமும், அளவு மீறினால் ஊரழிவும் நேர்ந்தன. பிற்காலத்தில் எழுதிய ரோமானிய அறிஞர் பிளினி, 12 முழ உயரம் பஞ்சத்தையும் 16 முழம் மகிழ்ச்சியையும் குறித்ததாகப் பதிவு செய்துள்ளார். பழைய அரசுக் காலத்து ஆண்டுக் குறிப்புகளைத் தாங்கிய பலெர்மோ கல்வெட்டில், மன்னரின் செயல்களுக்குக் கீழே அவ்வாண்டு வெள்ளத்தின் உயரம் முழக் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. விளைச்சலை முன்னறிவித்த அந்த அளவைப் படித்துப் பதிவு செய்யும் திறன் எழுத்தறிந்த மிகச் சிலரிடமே இருந்தது என்பதால், அளவுகோலின் அருகே நின்ற எழுத்தர், வயலில் நின்ற உழவரைவிட ஒரு பருவம் முன்னதாகவே அவருடைய விதியை அறிந்திருந்தார்.

உயர்குடியினருக்கு ஆறு ஓர் அரசபாட்டை. நீரோட்டம் வடக்கே இழுக்க, வடகாற்று பாயைத் தெற்கே தள்ளியதால், இரு திசையிலும் பயணம் எளிதாயிற்று. தீப்ஸ் நகரில் 1920ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மெகெத்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறையிலிருந்த மரப்பதுமைகளில், அவர் பயணிக்கும் படகோடு, அவருக்கு உணவு சமைப்பதற்கென்றே தனியான சமையற்படகும் இருக்கிறது. இதற்கு எதிர்முனையில், பாப்பிரஸ் கோரைத் தண்டுகளைக் கட்டிச் செய்த தெப்பத்தில் வலை இழுத்த மீனவரும், அதுவும் இல்லாதோரும் இருந்தனர். பழைய அரசுக் காலம் தொட்டுக் கல்லறைச் சுவர்களில் தம் நற்செயல்களை எழுதிவைத்த பெருமக்கள், பசித்தவர்க்கு உணவும் ஆடையற்றவர்க்கு ஆடையும் ஈந்ததோடு, படகில்லாதவரை அக்கரை சேர்த்ததையும் ஓர் அறமாகவே குறித்தனர். பசிக்கும் அம்மணத்துக்கும் இணையான வறுமையாகப் படகின்மை எண்ணப்பட்டது என்பது ஆழ்ந்து கருதத்தக்கது.

ஆற்றில் உழைத்தோரின் குரல் அரிதாகவே எஞ்சியுள்ளது. செங்கடற்கரையில் உள்ள வாதி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் 2013ஆம் ஆண்டு பியர் தலே தலைமையிலான குழு கண்டெடுத்த பாப்பிரஸ் ஏடுகள் அவ்வகையில் விலைமதிப்பற்றவை. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன், கூஃபு மன்னரின் ஆட்சியின் இறுதிப் பகுதியில், மெரெர் என்னும் மேற்பார்வையாளர் சுமார் 40 பேர் கொண்ட தம் குழுவின் பணியை நாட்குறிப்பாக எழுதிவைத்தார். தூரா சுரங்கத்தில் வெட்டிய வெண்சுண்ணக்கல்லைப் படகில் ஏற்றி, ஆற்றின் வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் கிசாவில் எழுந்துகொண்டிருந்த பெரும்பிரமிடுக்குக் கொண்டு சேர்ப்பதும், பத்து நாளில் இரண்டு அல்லது மூன்று நடை போய்வருவதும் அவர்கள் வேலை. ஏட்டில் மெரெரின் பெயர் இருக்கிறது. கல்லைத் தூக்கிய கைகளின் பெயர்கள் இல்லை.

தண்ணீரே எட்டாத இடத்தில் வாழ்ந்தோரிடத்திலும் இதே படிநிலை காணப்பட்டது. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்கள் குடியிருந்த தெய்ர் அல்-மதீனா, ஆற்றைவிட்டு விலகிய வறண்ட பள்ளத்தாக்கில் இருந்ததால், அரசால் அமர்த்தப்பட்ட நீர் சுமப்போர் கழுதைகளில் தண்ணீர் கொண்டுவந்தனர். சொந்தக் கழுதை வாங்க வசதியற்ற பலர், தாம் நீர் வழங்கிய அதே கைவினைஞரிடம் கழுதையை வாடகைக்குப் பெற்றுக் கடன்பட்டனர். மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியக்கூலி தாமதமானபோது, அக்கைவினைஞர்கள் வேலையை நிறுத்திக் கோயில் வளாகங்களில் அமர்ந்து உரிமை கேட்டனர். அவர்களுக்கும் கீழே இருந்த நீர் சுமப்போருக்கு அத்தகைய வலிமை இல்லை.

கரை உயர்த்துதல், வாய்க்கால் தூர்வாருதல் ஆகியவற்றுக்காக அரசு குடிமக்களிடம் வெட்டி, அதாவது ஊதியமற்ற கட்டாய உழைப்பு வாங்கியது. இறந்தபின் செல்லும் உலகிலும் வயலும் வாய்க்காலும் இருக்கும், அங்கும் இந்த அழைப்பு வரும் என்று எகிப்தியர் நம்பினர். ஆகவே இறந்தவருக்குப் பதிலாக எழுந்து, வயலைப் பண்படுத்தவும் கரைநிலத்துக்கு நீர் பாய்ச்சவும் மணலை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் படகில் கடத்தவும், 'உஷப்தி' என்னும் சிறு பதுமைகள் கல்லறையில் வைக்கப்பட்டன. துட்டன்காமுன் கல்லறையில் இருந்தவை 413. நாளுக்கு ஒருவராக 365 உழைப்பாளரும், பத்துப் பேருக்கு ஒருவராக 36 மேற்பார்வையாளரும், மாதத்துக்கு ஒருவராக 12 தலைவரும் அவற்றில் அடங்குவர்.