பின்னிரவில் ஒரு பெயர்



குலசேகரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் நுழைகிறார்கள். ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருப்பவர்களுக்கு வானொலி யாருடைய இசையைக் கொடுக்கிறது? இந்த நினைவு நாளில் அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம்.

1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அப்போது நம் குலசேகரமும் திருவிதாங்கூர்தான். ஆறு நாள் கழித்து, நவம்பர் 18-ல், அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் டான் செர்ரி பிறந்தார். தந்தை கறுப்பினத்தவர், தாய் சோக்தா பழங்குடி வழியினர். கையடக்கமான சிறு ட்ரம்பெட்டை ஊதினார். 1959-ல் ஆர்னெட் கோல்மன் குழுவோடு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசித்தபோது சிலர் கொண்டாடினார்கள். சிலர் இது இசையே இல்லை என்றார்கள். முன்கூட்டி வகுத்த சுர அடுக்குகளை அந்தக் குழு கைவிட்டிருந்தது. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் வழி கண்டுபிடித்தார். 1978-ல் தபேலாக் கலைஞர் லத்தீஃப் கானோடும் செர்ரி இசைப்பதிவு செய்தார். 1995-ல் மறைந்தார்.

'இது இசையே இல்லை' என்ற சொல் நமக்குப் புதியதா? பறையைக் கேட்டு மூக்கைச் சுளித்தவர்கள் சொன்னதும் அதுதானே!

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜாஸ் மேதை ஒருவரின் பிறந்தநாள் என்றால், இரவும் பகலும் அவருடைய இசைதான். எந்த ஆண்டுப் பதிவு, உடன் வாசித்தவர் யார் என்று ஒவ்வொன்றையும் சொல்லித்தான் ஒலிபரப்புகிறார்கள். இசையோடு மனிதரின் பெயரும் காற்றில் போகிறது.

நம் பக்கம் வருவோம். அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் 1984-ல் நம் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. உள்ளூர்க் குரலுக்காக வந்த நிலையம். ஆனால் பொதுவாக நம் இசை ஊடகத்தில் எப்படி வருகிறது? 'கிராமிய இசை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தோலைத் தீயில் காய்ச்சியவர் யார், அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் யார் கையில் பேசின, அந்த அடியை அவர் யாரிடம் கற்றார் என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் மறுத்தது கூலியில்லா ஊழியத்தையும் அதிலிருந்த இழிவையும். அந்த மறுப்பு நமக்குப் பெருமை. அதே பறையை மேடையில் நிமிர்ந்து நின்று அடிக்கிற இளைஞர்களும் நமக்குப் பெருமை. அடிப்பதா வேண்டாமா என்பதை ஊர் முடிவு செய்யக் கூடாது. அடிக்கிறவர் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய சலுகை ஒன்றுமில்லை. பின்னிரவில் ஒரு மணி நேரம். ஒரு கலைஞர், அவர் பெயர், அவர் ஆசான், அவர் அடி. பறையைக் கீழே வைத்தவர் என்றால், ஏன் வைத்தார் என்பதை அவர் குரலிலேயே கேட்க வேண்டும்.

வானொலி கொடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாணவர்களே, உங்கள் கையில் கைபேசி இருக்கிறது. இந்த வாரமே உங்கள் தெருவின் மூத்த கலைஞரிடம் போங்கள். அவர் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள்.

ஜெய் பீம்.