காசநோயும் நம் கடமையும்
(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். எழுத்தறிவு கல்வியின் தொடக்கம். தன் உடலையும் தன் தெருவையும் காத்துக்கொள்ளும் அறிவு அதன் பயன். ஆதலின் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளை நெடுங்காலமாக வாட்டிவரும் காசநோயைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். இந்நான்காம் கூறுதான் இன்று நம் கையில் இருக்கிறது. என் உரையும் அதைப் பற்றியதே.

காசநோய் தெய்வக் குற்றமன்று, பரம்பரை நோயுமன்று. அது ஒரு கிருமியால் வருவது என்பதை 1882ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தார். நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலந்து பிறரைச் சேர்கிறது. கிருமி புகுந்தோர் எல்லாரும் நோயாளிகள் ஆவதில்லை. உடல் வலுக் குன்றியபோதே அது தலைதூக்குகிறது. சாளரமற்ற ஓரறை வீடு, அரைவயிற்று உணவு, கல்லுடைக்கும் இடத்துத் தூசு, புகை, மது, நீரிழிவு ஆகிய அனைத்தும் அதற்குத் துணைபோகின்றன. இந்நோய் ஏழையின் வாசலை அடிக்கடி தட்டுவதற்குக் காரணம் அவனது பிறப்பன்று. அவன் வாழுமாறு விடப்பட்ட நிலையே.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினும் அரசு மருத்துவமனைக்குச் சென்று சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வாயில் ஊறும் உமிழ்நீரைக் கொடுத்தால் பயனில்லை. நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளியே வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

இனி, நம் மாநிலத்துக்குப் பெருமை தரும் ஒரு செய்தி. முற்காலத்தில் காசநோயாளியைத் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வைத்தலே சிகிச்சை எனக் கருதினர். 1956ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளுள் ஒரு பகுதியினர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றனர். மற்றவர் நெருக்கடியான தம் சிறு வீடுகளிலேயே அதே மருந்தை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோர்க்குக் கிடைத்த உணவும் ஓய்வும் குறைவு. எனினும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாரை நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளிவந்த அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. குடிசையிலும் மருந்து வேலை செய்யும், அதைத் தவறாது உட்கொண்டால்.

அந்தத் ‘தவறாது’ என்னும் சொல்லில்தான் இடர் அனைத்தும் அடங்கியிருக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதங்கள் மருந்து உண்ண வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடல் தேறிவிடுகிறது; நோய் போயிற்று என நினைத்து நோயாளி மருந்தை நிறுத்திவிடுகிறார். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. சில வேளைகளில் மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறிவிடுகின்றன. வேறு சிலர் சிறுநீர் செந்நிறமாவது கண்டு அஞ்சி நிறுத்துவர். அது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கண் மஞ்சளாதல், பார்வை மங்கல், ஓயாத வாந்தி ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கூலி வேலைக்குச் செல்வோர்க்கோ, மருத்துவமனைக்குப் போகும் ஒரு நாள் என்பது ஒரு நாள் உணவை இழப்பதாகும். இதைச் சோம்பல் என்று இகழ்வது அறியாமை.

மருந்தோடு உணவும் வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தார்க்குச் சத்துணவு அளித்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பத்தியம் என்று சொல்லி முட்டையையும் மீனையும் விலக்காதீர்கள். பருப்பும் நிலக்கடலையும் தாராளமாகக் கொடுங்கள். நோயாளியின் உணவுக்கென ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாக உயர்ந்தது. இது பிச்சையன்று, உரிமை, கேட்டுப் பெறுங்கள்.

இளைஞர்களே, எல்லாவற்றினும் கொடிய இடர் ஒன்றுண்டு. அது மறைத்தல். மகளின் திருமணம் நின்றுவிடும், மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவர், வேலை போய்விடும் என்று அஞ்சி நோயை மூடி வைக்கின்றனர். அவர்களை அவ்வாறு அஞ்சச் செய்வது யார்? நாமேதான். தனிக் குவளை, தனித் தட்டு, திண்ணையோடு நிறுத்துதல் என்பவற்றின் பொருள் நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் அவற்றை உடலால் அறிந்தவர்கள். அத்தீண்டாமையை நம் வீட்டு நோயாளியின் மீது நாமே ஏவலாமா? காசநோய் தட்டாலும் துணியாலும் தொற்றுவதில்லை. முறையாக மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மையும் பெரிதும் குறைந்துவிடுகிறது. இருமும்போது வாயை மூடுதலும், சாளரத்தைத் திறந்து வைத்தலும் போதிய காப்பாகும்.

ஆகவே நம் சங்கத்து இளைஞர்களிடம் மூன்று பணிகளை ஒப்படைக்கின்றேன். தெருவில் நெடுநாள் இருமுவோரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோயாளி ஒருவருக்கு ஓர் இளைஞர் எனப் பொறுப்பேற்று, ஆறு மாதமும் மருந்து தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வீட்டுக் குழந்தைகளையும் சோதித்து, தேவையான தடுப்பு மருந்தைப் பெற்றுத் தாருங்கள். படிவம் நிரப்பவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் இச்சங்கம் உங்களுக்குக் கற்பித்த எழுத்து உதவட்டும்.

சங்கம் பொன்விழாக் காணும் நாளில், நம் தெருக்களில் இந்நோயால் இறந்தவர் எவருமிலர் என்று சொல்லும் நிலை வருமாயின், அதனினும் சிறந்த கல்வி வேறில்லை.