முதலில் புகையைப் பார்



தேக்கடி ஏரி இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. பெரியாற்றின் குறுக்கே 1895-இல் அணை கட்டி முடித்தார்கள். தண்ணீர் காட்டுக்குள் பரவி ஏரியானது. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் தண்ணீரில் நிற்கின்றன.

இப்படிப்பட்ட ஏரியில் ஓடும் ஒரு டீசல் படகை நினைத்துக்கொள்வோம். நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று லிவரை முழுதும் தள்ளியும் வேகம் ஏறவில்லை. உதவிக்கு இருக்கும் பையன் பதறுகிறான்.

“அண்ணே, இன்ஜின் இழுக்கலை. பம்புத் திருகைக் கொஞ்சம் கூட்டி, டீசலை அதிகமா விடலாமா?”

“வேண்டாம் தம்பி. முதல்ல புகையைப் பாரு” என்கிறார் படகோட்டி.

ஏன் புகையைப் பார்க்க வேண்டும்?

நம் வீட்டு விறகு அடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகை அடைத்து வைத்தால் காற்றுப் போகாது. புகை சூழும். டீசல் இன்ஜினும் அப்படித்தான். அது காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்திய காற்று மிகவும் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே தீப்பற்றுகிறது. டீசலுக்கு ஏற்ற காற்று வேண்டும். இல்லையென்றால் கரும்புகை வரும்.

தேக்கடி சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். அதனால் கடற்கரையில் கிடைக்கும் சக்தி அங்கே கொஞ்சம் குறையும். ஆனால் நேற்றும் அதே உயரம், இன்றும் அதே உயரம். திடீரென்று வேகம் குறைந்தால் வேறு காரணம் இருக்கிறது.

வேகம் இல்லை, கரும்புகையும் இல்லை என்றால் என்ன பொருள்? பெரும்பாலும் டீசல் போதவில்லை. முதலில் ஒருவர் லிவரைத் தள்ள வேண்டும். இன்னொருவர் இன்ஜின் பக்கம் நின்று, கம்பி கடைசி வரை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து டீசல் பில்டரைப் பார்க்க வேண்டும். அதில் அழுக்கோ தண்ணீரோ சேர்ந்திருக்கலாம். டேங்கின் காற்றுத் துளை அடைத்தாலும் டீசல் வராது. டேங்க் மூடியைத் திறந்ததும் வேகம் திரும்பினால், துளைதான் அடைத்திருக்கிறது. பில்டரை மாற்றிய பிறகு குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற மறக்கக் கூடாது.

வேகம் இல்லை, கரும்புகை வருகிறது என்றால்? காற்றுப் போதவில்லை, அல்லது சுமை அதிகம். முதலில் காற்று பில்டரைப் பார்க்க வேண்டும். பிறகு படகில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும்.

அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் வேகம் மட்டுமா போகும்? உயிரும் போகும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். ஆட்களின் எண்ணிக்கையும், அவர்கள் உட்காரும் இடமும் படகுக்கு முக்கியம்.

நமது படகோட்டி கரும்புகையைக் கண்டார். காற்று பில்டர் சுத்தமாக இருந்தது. ஆட்களும் அளவோடுதான் இருந்தார்கள். படகைக் கரையில் கட்டினார். கியரை நியூட்ரலில் வைத்துச் சிறிது நேரம் ஓட்டினார். இன்ஜின் நன்றாகச் சுற்றியது. புகையும் குறைந்தது. கியர் போட்டதும் திணறியது. கோளாறு தண்ணீருக்குள் இருக்கிறது என்று புரிந்தது.

இன்ஜினை நிறுத்தினார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகே கீழே இறங்கிப் பார்த்தார். காற்றாடியில் பழைய கயிறு சுற்றியிருந்தது. அதை அறுத்து எடுத்தார். இதழ்கள் வளைந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார். கட்டையில் இடித்தால் இதழ் வளையும். அன்று வளையவில்லை. படகு பழைய வேகத்தில் ஓடியது.

பையன் சொன்னபடி திருகைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கயிறு அங்கேயே இருந்திருக்கும். புகை இன்னும் கூடியிருக்கும். இன்ஜின் சூடேறிக் கெட்டிருக்கும். நடு ஏரியில் ஆட்களோடு நின்றிருக்கும்.

படகோட்டி ஒரு நோட்டை எடுத்துப் பையனிடம் கொடுத்தார்.

“தேதியைப் போடு. என்ன கோளாறு, என்ன செய்தோம்னு எழுது. பில்டர் மாத்தின நாளையும் எழுது. அடுத்த தடவை இது நமக்கு வழி சொல்லும்.”

பையன் எழுதினான்.