சேர் பட்டமும் முதலியார் பட்டமும்

வினாயகபுரத்து அன்பர் ஒருவர் வினவுகிறார்: "எங்கள் கல்முனைப் பகுதியில் கேட் முதலியார் காரியப்பர் என்பார்கள், யாழ்ப்பாணத்தார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பார்கள். இவ்விரண்டில் உயர்ந்த பட்டம் எது?"

இவை ஒரே ஏணியின் படிகள் அல்ல. முதலியார், கேட் முதலியார், மகா முதலியார் என்பவை இலங்கைத் தேசாதிபதி இந்நாட்டவருக்கென்றே வழங்கியவை. 'கேட்' என்பது தேசாதிபதியின் வாசல். ஆதலால் வாசல் முதலியார் என்றும் சொல்வதுண்டு. 'சேர்' என்பதோ பிரித்தானிய முடியின் கொடை. இரண்டு ஏணியிலும் ஏறியவர் உண்டு. மகா முதலியார் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க அத்தகையவர்.

பெயரின் பின்னால் எழுத்துக்கள் நின்றால் முன்னால் 'சேர்' வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. இராமநாதன் 1889 இல் சீ.எம்.ஜி. விருது பெற்றார், ஆயினும் 'சேர்' ஆனது 1921 இலேதான். சீ.எம்.ஜி. அவ்விருது வரிசையின் மூன்றாம் படி; மேலிரண்டு படிகளுக்கே 'சேர்' உண்டு. 1917 இல் ஏற்பட்ட பிரித்தானியப் பேரரசு விருதிலும் ஐந்து படிகள். அவற்றுள் ஓ.பீ.ஈ., எம்.பீ.ஈ. கடைசி இரண்டு. அவற்றைப் பெற்றவரைச் 'சேர்' என்றழைப்பது, உபசாரமாயினும், தவறே.

இனி, நம் பெயர்களால் விளைந்த ஒரு வேடிக்கை. ஆங்கில வழக்கில் 'சேர்' ஒருவரின் சொந்தப் பெயரோடு சேரும். குடும்பப் பெயரோடு மட்டும் சேராது. சேர் வின்ஸ்டன் எனலாம், சேர் சர்ச்சில் எனலாகாது. அவர்கள் பெயரில் முதலில் நிற்பது சொந்தப் பெயர். நம்மவர் பெயரில் முதலில் நிற்பதோ தந்தையார் பெயர்! ஆங்கில முறைப்படி அழைத்தால், இராமநாதனும், 1913 இல் பட்டம் பெற்ற அவர் தம்பி அருணாசலமும், இருவருமே 'சேர் பொன்னம்பலம்' ஆகிவிடுவர். தந்தையார் பொன்னம்பலமோ 'சேர்' அல்லர், வாசல் முதலியார்! தமிழர் இந்தச் சிக்கலுக்குள் சிக்கவில்லை. 'சேர் இராமநாதன்' என்றே வழங்கினர். ஆங்கில இலக்கணத்துக்கு அது பிழை. தமிழ்ப் பெயருக்கு அதுவே சரி என்பது என் எண்ணம். அவர் துணைவியார் மட்டும் இரு முறைக்கும் பொருந்த 'லேடி இராமநாதன்' ஆனார்.

1956 இல் இப்பட்டங்களுக்குச் சிபாரிசு செய்வதை இலங்கை அரசாங்கம் நிறுத்தியது. நிறுத்திய பிரதமர், மேலே சொன்ன மகா முதலியாரின் மைந்தர் எஸ். டபிள்யூ. ஆர். டீ. பண்டாரநாயக்க! முன்னரே பெற்றவர்களிடம் அவை நிலைத்தன. சேர் ஜோன் கொத்தலாவலை 1980 இல் மறையும்வரை 'சேர்' ஆகவே இருந்தார். தேசமான்ய, தேசபந்து முதலிய நம் நாட்டு விருதுகள் 1986 இல் ஏற்பட்டன. அவற்றைப் பற்றியும் இதே அன்பர் வினவியிருக்கிறார். அது வேறொரு நாளைக்கு.