மரபணுவும் அது வாழும் திசுவும்

புற்றுக்கட்டிகளின் மரபணுப் பிறழ்வுகளும் இலக்குசார் மருந்துகளும் என்னும் பொருளில் கூடியுள்ள இம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்பது பெரும்பேறு. 2001இல் இமாட்டினிப் வந்ததும், 2004இல் ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வுள்ள நுரையீரல் கட்டிகளே ஜெஃபிட்டினிப்புக்குப் பெரிதும் இணங்குவது தெரிந்ததும், அடுத்த ஆண்டே டி790எம் என்னும் இரண்டாம் பிறழ்வு அம்மருந்தைப் பயனற்றதாக்குவது கண்டறியப்பட்டதும் அவையோர் அறிந்தவை. அமர்வுகள் அவற்றை விரித்துரைக்கும். இவ்வுரை எடுத்துக்கொள்வது வேறொரு வழக்கு: பிறழ்வு தெரிந்துவிட்டால், கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்ற கேள்வி தேவையற்றதாகிவிடுமா?

ஆகிவிடும் என்று நெடுநாளாக வாதிட்டுவரும் அறிஞர்களிடம் வலுவான சான்று உண்டு. என்.டி.ஆர்.கே. மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வதால் எழும் கட்டிகளுக்கு, உறுப்பு எதுவாயினும் தரலாம் என 2018இல் அமெரிக்காவில் லாரோட்ரெக்டினிப் ஒப்புதல் பெற்றது. ஆனால் அவ்வெற்றியைப் பொதுவிதியாக்க பிராஃப் மரபணு இடங்கொடுக்கவில்லை. அது ஆக்கும் புரதத்தின் 600ஆம் இடத்தில் வேலினுக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் அமர்வதே வி600இ பிறழ்வு. அதனால் அப்புரதம் ஓயாமல் செல்லைப் பெருகத் தூண்டுகிறது. அதைத் தடுக்கும் வெமுராஃபெனிப், மெலனோமா என்னும் நிறமிச்செல் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப்பேரின் கட்டியைச் சுருக்கியது. அதே பிறழ்வுள்ள பெருங்குடல் புற்றுநோயிலோ, 2010இல் அறிவிக்கப்பட்டு 2015இல் முழுமையாக வெளியான சோதனையில், 21 பேரில் ஒருவருக்கே அப்பயன் உறுதியானது.

தோல்வி என்று ஒதுக்கப்பட்ட அச்சிறு சோதனைக்குரிய மதிப்பு இத்துறையில் இன்னும் தரப்படவில்லை. அத்தோல்வியின் காரணத்தை 2012இல் நெதர்லாந்தில் ரெனே பெர்னார்ட்ஸ் குழுவினரும் அமெரிக்காவில் ரையன் கார்கரன் குழுவினரும் தனித்தனியே காட்டினர்: பெருங்குடல் செல்லில் பிராஃப் அடக்கப்பட்டதும், அதுவரை ஒடுங்கியிருந்த ஈ.ஜி.எஃப்.ஆர். ஏற்பி கிளர்ந்து அதே வளர்ச்சிப் பாதையை மீண்டும் திறக்கிறது. மெலனோமா செல்களில் அவ்வேற்பி மிகக் குறைவு. 2019இல் வெளியான பெருங்குடல் புற்றுநோய் ஆய்வில், பிராஃபை அடக்கும் என்கோராஃபெனிப்புடன் அவ்வேற்பியைத் தடுக்கும் செடுக்ஸிமாபும் தரப்பட்டபோது ஐவரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது; ஒப்பீட்டுக் குழுவில் நூற்றில் இருவருக்கே.

உறுப்பை நோக்காமல் பிறழ்வை நோக்கி மருந்தளித்த பிரான்சின் ஷிவா சோதனை, நோய் முற்றாதிருக்கும் காலம் வழக்கமான சிகிச்சையைவிட நீளவில்லை என்று 2015இல் அறிவித்தபோது, மரபணுவழிச் சிகிச்சையே வீண் என்றனர் ஒரு சாரார். தேர்ந்த மருந்துகள் போதாதவை என்றனர் மறுசாரார். இருசாராரும் மதிப்பிற்குரியோர், ஆயினும் திசுவை விலக்கிவைத்த அமைப்பையும் ஐயுற்றிருக்க வேண்டும் என்பதே இத்தலைமையின் துணிபு. 2022இல் டப்ராஃபெனிப், ட்ரமெட்டினிப் இணைக்கு, வி600இ உள்ள திடக்கட்டிகளுக்கு உறுப்பு வேறுபாடின்றி ஒப்புதல் தந்த அமெரிக்க மருந்து நிர்வாகமும் பெருங்குடல் புற்றுநோயைப் பெயர் சுட்டி விலக்கியது. எனவே இங்கு வாசிக்கப்படும் கட்டுரைகள் முடிவுகளை உறுப்புவாரியாகவும் பிரித்துத் தருதல் வேண்டும். பிரித்தால் எண்ணிக்கை சிறுத்துவிடும் என்னும் ஆட்சேபம் உண்மையே. ஆனால் பெர்னார்ட்ஸ் குழுவினர் விளக்கம் தேடப் புகுந்ததே அந்த 21 பேரிடம் மருந்து பலிக்காததைக் கண்டுதான்.