வலைப்பக்கச் சொற்கள் சில



தமிழகத்தை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நமக்கு, ஊர்ச் செய்தியும் அரசின் அறிவிப்பும் இன்று பெரும்பாலும் வலைப்பக்கத்தின் வாயிலாகவே வந்து சேருகின்றன. அப்பக்கங்களை அமைப்போர் வழங்கும் சொற்கள் சிலவற்றின் பொருளை இன்று காண்போம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், இச்சொற்களின் பொருளை ஒரு முதியவரிடமே கற்க நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தோம். சந்தி பிழையாமல், காற்புள்ளி தவறாமல் எழுதினோம் என்ற மனநிறைவு நமக்கு இருந்தது. ஓர் அலுவலகம் அதனை வலைத்தளத்தில் ஏற்றியது. நம் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், கண்பார்வை இழந்தவர். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் திரைபடிப்பான் என்னும் மென்பொருளே அவருக்குக் கண். அவர் ஒருநாள், "என்ன தம்பி, நீங்கள் எழுதிய தமிழைக் கேட்கலாம் என்று ஆவலோடு திறந்தேன், 'படம்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஊமையாகிவிட்டதே!" என்றார். அறிவிப்பு முழுவதும் ஒரே படமாக ஏற்றப்பட்டிருந்தது. அவர் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளும் கழிந்துவிட்டது.

குறை எங்கே நேர்ந்தது? அதை அறியச் சில சொற்களை அறிதல் வேண்டும்.

முதலாவது எச்.டி.எம்.எல். 'மீயுரைக் குறியிடு மொழி' என்பர். வலையை 1989-ஆம் ஆண்டில் முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் இதனை உருவாக்கினார். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று ஒவ்வொரு பகுதியின் தன்மையையும் உலாவிக்கு உணர்த்துவதே இதன் பணி.

இரண்டாவது சி.எஸ்.எஸ்.; 1996-இல் தரமாக வெளிவந்தது. எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி ஆகியவற்றை வகுப்பது இது. திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயரும் முகூர்த்த நேரமும் செய்தி. மஞ்சள் தாளும் சிவப்பு மையும் அலங்காரம். முன்னது எச்.டி.எம்.எல்.; பின்னது சி.எஸ்.எஸ். ஒரு வரியைப் பெரிதாக்கி நிறமூட்டிவிட்டால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. தலைப்பென்று குறித்திருந்தாலன்றோ, பார்வையற்றவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்ல இயலும்!

மூன்றாவது குறியாக்கம். முன்பு தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு எண்முறைகளைக் கையாண்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் சிதைந்து தோன்றும். 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூ.டி.எஃப்-8 என்பது அவ்வெண்களைக் கணினியில் பதியும் முறை.

நான்காவது மொழிக்குறி. 'டி', 'ஏ' என்னும் இரண்டே எழுத்துகள், இப்பக்கம் தமிழ் என்று அறிவிக்கும். அது தவறாக இருப்பின், திரைபடிப்பான் வேற்றுமொழிக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தடுமாறக்கூடும்.

ஐந்தாவது மாற்றுரை. படம் உணர்த்துவதைச் சொற்களால் எழுதி, படத்தோடு இணைத்து வைப்பது அது. நம் அறிவிப்பில் எழுத்தும் இல்லை, மாற்றுரையும் இல்லை.

இவற்றையெல்லாம் முறைப்படுத்துவதே 'தரம்' எனப்படுவது. ஊருக்கு ஒரு மரக்கால் இருந்தால் வாங்குவோரும் விற்போரும் இடர்ப்படுவர். எல்லோரும் ஒப்பிய ஒரே அளவு வேண்டும். வலைக்கு அவ்வளவுகளை வகுக்க 1994-இல் டபிள்யூ3சி என்னும் அமைப்பு தோன்றியது. உடற்குறையுடையோரும் பக்கங்களைப் பயன்படுத்துவதற்கான அணுகல் நெறிகளை அது 1999-இல் வெளியிட்டது. இந்திய அரசும் தன் வலைத்தளங்களுக்குரிய நெறிமுறைகளை 2009-இல் வகுத்தது. விதி இருந்தது, அதை நினைவூட்டுவார்தாம் இல்லை. நாமும் நினைவூட்டவில்லை.

இப்போது நாம் தரும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் தலைப்பிலும், "எழுத்தாகவே ஏற்றுக; படமாக ஏற்ற வேண்டா" என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். அடுத்து வந்த அறிவிப்பை ஆசிரியர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, அதிலிருந்த ஒரு சந்திப் பிழையைச் சுட்டிக்காட்டினார்! அப்பிழையால் நாம் வருந்தவில்லை, மகிழ்ந்தோம்.

நேயர்களே, உங்கள் தமிழ்ச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ஒரு சொல்லை உலாவியில் இட்டுத் தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலில் அகப்படவில்லையெனில், அது பெரும்பாலும் படமாகவே இருக்கும். செயலாளரிடம் அன்புடன் எடுத்துரையுங்கள். காணாதாரும் கேட்டறியும் வண்ணம் தமிழை ஏற்றுவது, அதனைப் பிழையின்றி எழுதுவதைப்போலவே நம் கடமையாகும்.